தலைமடையும் கடைமடையும்

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

ஒரு பொருளை ஆக்கியவன் பெயர் ஊருக்குத் தெரியும். அதைக் காத்து வந்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. கல்லணை என்றதும் கரிகாலன் நினைவுக்கு வருகிறான். அன்று தொட்டு இன்று வரை அந்த அணையைப் பார்த்துக்கொண்ட ஆயிரமாயிரம் பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? இந்த எண்ணம் எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. திருவரங்கத்துச் சாத்தார வீதியில் என் மாமா நடத்தும் பூக் கமிஷன் மண்டியில், ஒரு தை மாத விடியற்காலையில், நாலு பேர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றபோது வந்தது.

பூ மண்டியைப் பற்றி அறியாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். எட்டரை, கொப்பு, போசம்பட்டி முதலான ஊர்களிலிருந்து விவசாயிகள் இருட்டோடு பூ கொண்டு வருவார்கள். மாமா அதை எடை போட்டு, கடைக்காரர்களுக்கு விற்று, தம் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுப்பார். பலர் முன்பணம் வாங்கியிருப்பார்கள்; அது நாள்தோறும் சிறிது சிறிதாகப் பிடிக்கப்படும். முதல் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டியவர்கள் அவர்கள். ஆகையால் கணக்கு நிமிடத்தில் முடிய வேண்டும். முன்பெல்லாம் இந்தக் கணக்கு நீள நோட்டில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் இருந்த ஓர் அண்ணன், கல்லூரியில் படிக்கும்போதே, அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். அவர் எழுதிய நிரலுக்குக் கீழே இருந்து கணக்கையெல்லாம் தாங்குவது மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளம். தகவலை வரிசைப்படுத்தி வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் பெட்டகம் என்று அதைச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதன் மூல நிரல் யாவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. அண்ணனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, போய்விட்டார். நிரல் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் முதலாமாண்டு சேர்ந்த காலம். கணினி அறிவியல் படிக்கிறவன் என்ற மிதப்பு. மண்டியில் இருந்த மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்புக்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இனி அதில் பாதுகாப்புக் குறை கண்டாலும் திருத்தம் வராது. ஆகவே 2024 தை மாதத்தில், ஒரு முகூர்த்த நாளுக்கு முந்திய இரவு, 8.0 பதிப்பை நிறுவினேன். முகூர்த்தத்துக்கு முந்திய இரவில் யாராவது மண்டிக் கணக்கில் கை வைப்பார்களா? நான் வைத்தேன். நல்லவேளையாகக் கணக்கின் நகல் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அன்று நான் செய்த ஒரே அறிவுள்ள காரியம் அதுதான்.

விடியற்காலை நான்கு மணி. மல்லிகைக் கூடைகள் இறங்கிவிட்டன. தரவுத்தளம் எழவில்லை. பொத்தானை அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன். மாமா எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, பொட்டி பேச மாட்டேங்குதா?”

“கொஞ்ச நேரம் பொறுங்க மாமா” என்றேன். அந்தக் கொஞ்ச நேரம் நான்கு மணி நேரமாயிற்று.

மாமா என்னைத் திட்டவில்லை. பரணிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். ஒவ்வொருவருடைய முன்பணப் பாக்கியையும் நினைவிலிருந்து சொல்லி, அவர்கள் ஒப்பியதை எழுதிப் பணம் கொடுத்தார். கொப்பிலிருந்து வரும் ஒரு மூதாட்டியின் முறை வந்தது. “உங்க பாக்கி பன்னண்டாயிரந்தானே ஆத்தா?” என்றார் மாமா. “இல்லீங்கய்யா, பதினாலாயிரம் நிக்குது. பொங்கலுக்கு முன்னால ரெண்டாயிரம் கைமாத்தா வாங்கிட்டுப் போனேனே” என்றார் அந்த அம்மாள். எட்டு மணிக்கு மேல் கணினி எழுந்து சொன்ன தொகையும் பதினாலாயிரந்தான். மென்பொருள் விழுந்த இடத்தில் மனிதர்களின் நேர்மை தாங்கிக்கொண்டது. ஆனால் எல்லா நாளும் அப்படித் தாங்கும் என்று இருந்துவிட முடியுமா? பாக்கியைக் குறைத்துச் சொல்லும் ஒருவர் வந்திருந்தால் நட்டம் மாமாவுக்கு. மாமா கூட்டிச் சொல்லியிருந்தால் நட்டம் அந்த மூதாட்டிக்கு. இதில் விளையாட்டில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நேர்ந்தது இதுதான். பழைய தரவுத்தளத்தில் ‘கொயரி கேஷ்’ என்று ஒரு வசதி இருந்தது. அமைப்புக் கோப்பில் அண்ணன் அதற்கென இரண்டு வரிகள் எழுதி வைத்திருந்தார். புதிய பதிப்பில் அந்த வசதியே இல்லை. அந்தப் பெயரைக் கண்டதும், ‘இப்படி ஒன்றை நான் அறியேன்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அது நின்றுபோயிற்று. இரண்டு வரிகளையும் நீக்கினேன், எழுந்தது. உடனே வேறொரு பிழை. அண்ணன் தம் நிரலிலும் பதினோர் இடங்களில் அந்த வசதியை அழைக்கும் சொல்லை எழுதியிருந்தார். நல்லவேளையாக அவருடைய மூல நிரல் அந்தக் கணினியிலேயே இருந்தது. பதினோரு சொற்களையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். மண்டி மீண்டும் நடந்தது.

அந்த வசதி என்ன செய்தது என்பதை மண்டியை வைத்தே சொல்கிறேன். வாசலில் ஒரு சிலேட்டு மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். “மல்லி என்ன விலை?” என்று ஒருவர் கேட்டதும், உள்ளே போய்ப் பார்த்துவந்து விடையைச் சிலேட்டில் எழுதிவிடுகிறோம். அடுத்தவர் அதே கேள்வியைக் கேட்டால் உள்ளே போக வேண்டியதில்லை. சிலேட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் இதற்கு இரண்டு விதிகள் உண்டு. விலைப் பட்டியலில் எந்தப் பூவின் விலை மாறினாலும் அந்தப் பட்டியலிலிருந்து எழுதிய எல்லா விடைகளையும் அழித்துவிட வேண்டும். அன்றியும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் சிலேட்டைத் தொடலாம். கடையில் ஓர் ஆள் இருந்தவரை இது நன்றாக நடந்தது. கணினியின் மூளைக்குள் எட்டு ஆள், பதினாறு ஆள் என்று பெருகியபோது, எல்லாரும் சிலேட்டின் முன் வரிசையில் காத்து நிற்கும்படி ஆயிற்று. வேகத்துக்காக வைத்ததே தடையாக முடிந்தது. அதைச் செம்மைப்படுத்துவதைவிட எடுத்துவிடுவதே மேல் என்று மைஎஸ்க்யூஎல்லைப் பேணுகிறவர்கள் முடிவு செய்தார்கள். 2017 அக்டோபரில், 5.7.20 பதிப்பில், ‘இதற்கு இனி எதிர்காலம் இல்லை’ என்று அறிவித்தார்கள். 2018 ஏப்ரலில் வந்த 8.0 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

இதில் அவர்கள் பிழை என்ன? ஒன்றுமில்லை. நான் கை வைத்ததற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தண்டோரா போட்டிருக்கிறார்கள். சாத்தார வீதியில் அதைக் கேட்கத்தான் காது இல்லை.

அதன் பிறகு, பேணுவார் இல்லாமற்போன வசதிகளுக்கு என்னென்ன நேர்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். மைஎஸ்க்யூஎல்லை ஆக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அது பெரிய நிறுவனங்களின் கைக்கு மாறிய காலத்தில், 2009-இல் அதிலிருந்து கிளை பிரித்து மரியாடிபி என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார். அந்தக் கிளையில் இதே சிலேட்டை நீக்கவில்லை. வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி அணைத்து வைத்தார்கள். தாய்வீட்டில் இடமில்லாதது பிரிந்துபோன மகள் வீட்டில் இருந்தது. ஆனால் அதே மரியாடிபி எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருக்கவும் இல்லை. டோக்குடிபி என்று ஒரு சேமிப்பு எந்திரம் அதில் இருந்தது. அதைப் பொறுப்பேற்றிருந்த நிறுவனமே கைவிட்ட பிறகு, 2021-இல் வந்த 10.6 பதிப்பில் அதை வெளியேற்றினார்கள்.

மாறாக நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிப் பின்னர் தன்னார்வலர்களின் கூட்டு முயற்சியாக வளர்ந்த தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அதில் ‘ஹேஷ்’ வகைச் சுட்டு என்று ஒன்று பல்லாண்டுகள் அரைகுறையாகக் கிடந்தது. மின்சாரம் போய்க் கணினி திடீரென்று நின்றால் அந்தச் சுட்டை நம்ப முடியாது. திரும்பக் கட்ட வேண்டும். “இதைப் பயன்படுத்த வேண்டாம்” என்று கையேடே எச்சரித்தது. பேணுவார் இல்லை, எடுத்தெறிவாரும் இல்லை. பின்பு 2017-இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்தக் குறை தீர்ந்தது. வெளியீட்டுக் குறிப்பில் அந்தப் பணிக்கு நேராக இருக்கும் பெயர் அமித் கபிலா. நம் நாட்டவர் பெயரை அங்கே கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அந்தப் பதிப்பு வந்ததும் 2017 அக்டோபரில்தான். ஒரே மாதத்தில் ஒரு வீட்டில் ஒரு வசதிக்கு விடைகொடுக்கும் அறிவிப்பு. இன்னொரு வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்த ஒன்றுக்கு மறுவாழ்வு. இரண்டுக்கும் வேறுபாடு பழமையிலா? இல்லை, ஒருவர் கையை நீட்டினாரா இல்லையா என்பதில்தான். எங்கள் ராஜகோபுரமும் பல நூற்றாண்டுகள் அடிநிலையோடு நின்றிருந்ததுதான். முன்வந்து எடுத்துக் கட்டியதால் 1987-இல் பதின்மூன்று நிலைகளோடு நிறைவுற்றது.

கையை நீட்ட ஆள் இல்லை, எடுத்துவிட மனமும் இல்லை என்றால் என்ன ஆகும்? திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சென்றன. ஆர்தர் காட்டன் 1836-இல் எழுப்பிய அணை அது. காரணம் பற்றிப் பலர் பலவாறு பேசினார்கள். பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது. பழையது போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதைவிட அது போன விதத்தில்தான் வருத்தம். எந்த நாளில் விடைபெறுவது என்று மனிதர் முடிவு செய்யாமல் விட்டால், வெள்ளம் முடிவு செய்துவிடுகிறது.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கணினி அறியாதவர். ஆனால் வாய்க்கால் அறிந்தவர். “இது குடிமராமத்து சங்கதி மாப்ளே” என்றார். மேட்டூர் திறக்கும் முன்பே, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் ஊர் வாய்க்காலைத் தூர்வாருவார்கள் என்று தம் தகப்பனார் சொல்லக் கேட்டதைச் சொன்னார். வராதவர் வீட்டைப் பற்றி ஊரே பேசுமாம். வரலாற்றுத் துறை நண்பரிடம் கேட்டேன். 1858-இல் சென்னை மாகாண அரசு இந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவமே கொடுத்தது என்றார். நாளடைவில் வழக்கம் தேய்ந்தது; வாய்க்கால் தூர்ந்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

திறந்த மூல மென்பொருளும் குடிமராமத்துதான். பலர் கை கொடுத்தால் ஓடும், கொடுக்காவிட்டால் தூர்ந்துபோகும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருப்பதை மாமாவின் பேச்சே எனக்குக் காட்டியது. வாய்க்காலில் தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரைத் தெரியும். தண்ணீர் வரவில்லையென்றால் அவர் வந்து சத்தம் போடுவார். மென்பொருளில் அப்படியில்லை. எங்கோ இருக்கும் ஒரு பொறியாளர் தலைமடையில் உட்கார்ந்திருக்கிறார். சாத்தார வீதியில் பூ எடை போடுகிறவர் கடைமடையில் இருக்கிறார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. “இந்த வசதியை யாராவது பயன்படுத்துகிறீர்களா?” என்று அவர் கேட்கிறார். நம் பக்கத்திலிருந்து ஒரு குரலும் எழவில்லை. ‘ஒருவரும் இல்லை போலும்’ என்று மதகை அடைக்கிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயேது?

பேணுவாரற்ற வசதிகளின் எதிர்காலம் பற்றி நான் கண்ட முடிவு இதுதான். பழையன எல்லாவற்றையும் காத்தே தீர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பயனற்ற ஒன்றைச் சுமப்பதற்கும் யாரோ ஒருவருடைய உழைப்பு செலவாகிறது. அவர் சம்பளம் வாங்காதவராகவும் இருக்கலாம். எடுப்பதென்றால் சொல்லி எடுக்கட்டும். காலம் கொடுத்து, மாற்று வழி காட்டி எடுக்கட்டும். வைப்பதென்றால் இன்னார் பொறுப்பு என்று ஒரு பெயரோடு வைக்கட்டும். இரண்டுமில்லாத மௌனம்தான் கேடு. அந்த மௌனத்தில் பாதி தலைமடையினுடையது. மறுபாதி கடைமடையாகிய நம்முடையது.

நம்முடைய பாதியைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2019 அக்டோபரில் போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பு வந்தது. அந்தப் பதிப்பில் சில பழைய கால வகைகளை நீக்கினார்கள். அவற்றில் நாள்நேரத்தைக் குறித்த வகை 2038-ஆம் ஆண்டுக்கு மேல் எண்ணத் தெரியாதது. அதே பதிப்பில் புதிதாக ஒரு வசதி உள்ளே வந்தது. அது தமிழ்! ‘கோயிலுக்கு’, ‘கோயிலில்’, ‘கோயிலிலிருந்து’ என்று எப்படி எழுதியிருந்தாலும் உருபைக் களைந்து ‘கோயில்’ என்ற அடியைத் தேடும் முறையை அதில் சேர்த்தார்கள். ஆங்கிலச் சொற்களுக்கு 1980-இல் இத்தகைய முறையை வகுத்தவர் மார்ட்டின் போர்ட்டர். அவர் பின்னாளில் உருவாக்கிய ஸ்னோபால் தொகுப்பின் வழியாக அரபு, நேபாளி முதலிய மொழிகளோடு நம் மொழியும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தது.

இதை அறிந்தபின் நண்பர்கள் நால்வர் சேர்ந்து, தமிழ்த்துறை நூலகத்தின் நூற்பெயர்களையெல்லாம் போஸ்ட்கிரெஸ்ஸில் ஏற்றத் தொடங்கினோம். ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் ஏறியிருக்கின்றன. ‘சிலம்பு’ என்று தட்டினால் ‘சிலம்பில்’, ‘சிலம்பின்’ என்று தொடங்கும் நூல்களும் வந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. புணர்ச்சி விதிகளால் உருமாறும் மொழிக்கு இது எளிதன்று. ‘மரம்’ ‘மரத்தில்’ ஆகிறது. ‘வீடு’ ‘வீட்டில்’ ஆகிறது. எந்திரம் எங்கே வெட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தமிழ் அறிந்தவர்தாம் சொல்ல முடியும். ஆகவே தமிழ்த்துறைப் பேராசிரியர்களின் துணையோடு, சொல்லும் அதன் சரியான அடியும் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து வருகிறோம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்தப் பட்டியலை ஓட்டிப் பார்க்கலாம். குறை கண்டால் தலைமடைக்கு எழுதலாம். என்றைக்காவது ஒருவர், “இந்தத் தமிழ் வசதியை யாராவது பயன்படுத்துகிறீர்களா?” என்று கேட்டால், “ஆம், திருச்சிராப்பள்ளியில் நாங்கள் இருக்கிறோம்” என்று விடை சொல்ல ஓர் ஊராவது இருக்க வேண்டாமா?

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போன அண்ணனை அன்று விடியற்காலை நான் மனத்துக்குள் எவ்வளவு ஏசினேன்! இந்த ஆண்டோடு நானும் கல்லூரியை விட்டுப் போகிறேன். நூலக நிரலை எழுதிய நால்வரும் போகிறோம். அப்படியானால் அடுத்த ஆண்டு அதுவும் பேணுவாரற்ற பொருள்தானே? அன்று நான் ஏசிய அதே அண்ணனாக நானே ஆகப்போகிறேன் என்பது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அதனால் கடந்த இரு மாதங்களாகப் புதிதாக ஒரு வசதியும் சேர்க்கவில்லை. எழுதியதையெல்லாம் விளக்கி ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினேன். எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு வரி எதற்காக, கணக்கின் நகல் எங்கே, எதை எடுத்தால் எது விழும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தேவையில்லாத இரண்டு வசதிகளை நாங்களே எடுத்துவிட்டோம். எடுத்ததையும் எழுதி வைத்தோம். முதலாமாண்டு மாணவர் ஒருவரும் மாணவி ஒருவரும் வாரந்தோறும் வந்து கற்றுக்கொள்கிறார்கள். சென்ற வாரம் அவர்களாகவே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். நான் போட்ட பிழைதான். இந்தக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதையே பெரிதாக எண்ணுகிறேன்.

மண்டியிலும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் மாமா என்னைக் கூப்பிட்டு, “மாப்ளே, தலைமடையில என்ன சொல்றாங்க?” என்று கேட்கிறார். நான் வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்து, எங்கள் மண்டிக்கு உள்ளதைச் சொல்கிறேன். பரணிலிருந்து இறக்கிய பழைய நோட்டு மீண்டும் பரணுக்கு ஏறவில்லை. கல்லாப்பெட்டியின் பக்கத்திலேயே இருக்கிறது.

படிக்கும் நண்பர்களே! நூலகத்தில் எங்கள் சொற்பட்டியல் ஒரு கோப்பில் இருக்கிறது. உங்கள் ஊரில் வழங்கும் சொற்களில் பத்தையாவது அதில் எழுதுங்கள். கணினி படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருந்தால் போதும். வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால் போதும் என்பார்களே, அதைப் போலத்தான்.